ரெண்டு காது நட்டு

லிங்கசாமிக்கு ரங்காத்தாள் கடைசியாகச் செய்த காரியம், கழுத்துக்குத் தைலம் தேய்த்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அது. எல்லா ஞாயிற்றுக்கிழமையும் போலத்தான். "வலது பக்கம் புடிச்சிருச்சு ரங்கு" என்று இடது பக்கத்தைக் கையால் பிடித்துக்கொண்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் வாய் சொல்லும் பக்கத்தை நம்புவதை, கல்யாணமான புதிதிலேயே அவள் விட்டிருந்தாள். கை இருந்த இடத்தில் தேய்த்தாள்.

"தலகாணியை மாத்துங்கன்னாக் கேக்கறீங்களா?"

"தலகாணி என்ன பண்ணுச்சு, பாவம்."

"அப்பறம் ஞாயித்துக்கெழமை மட்டும் எப்படிங் வருது? மத்த நாளெல்லாம் உங்களுக்குக் கழுத்து இல்லீங்களா?"

அவர் சிரித்தார். சிரித்ததில் கழுத்து இழுத்து, "ஆ" என்றார். பிறகு, "வண்டிச் சக்கரத்தையெல்லாம் கழட்டிக் கோயமுத்தூர் அனுப்பிட்டேன். கம்பி சரி பண்ணி வரட்டும். வந்ததும் உன்னையப் பெருமாநல்லூர்க் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

"இதையத்தான் வருசக்கணக்காச் சொல்றீங்க."

"இந்தத் தடவை நெசமாலும்."

"பாக்கலாம், பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, கையில் மிச்சமிருந்த தைலத்தைத் தன் முழங்காலில் தடவிக்கொண்டு அவள் எழுந்துபோனாள். மறுநாள் காலை, தன் பனியன் கம்பெனியின் கட்டிங் செக்‌ஷனில் நின்றபடி டீ டம்ளரைக் கையில் வாங்கியவர், அதைக் குடிக்கவில்லை.

கருமாதி முடிந்த மறுவாரம் சக்கரங்கள் வந்தன.

ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்தும் பனியன் துணி ரோல் மாதிரி பாலிதீன் சுற்றி வந்தன. சுற்றைப் பிரித்தால் உள்ளே வெள்ளிக் கம்பிகள் மின்னின. சைக்கிள் சக்கரம் கொஞ்சம் வசதியாகிவிட்ட மாதிரி இருக்கும். வண்டி, கம்பெனிக் காம்பவுண்டின் பக்கவாட்டில், இரண்டு பக்கமும் திறந்த தகர ஷெட்டில், மரக்கட்டைகள் மேல் சக்கரமில்லாமல் உட்கார்ந்திருந்தது. கூரை இல்லாத, இரண்டே பேர் உட்காரக்கூடிய, பழைய இங்கிலீஷ் கார். குன்னூரில் ஓர் எஸ்டேட் பங்களாவில் கோழி அடைந்து கிடந்ததை லிங்கசாமி வாங்கிவந்து, உருவிப் போட்டு, திரும்பக் கோத்து, உயிர் கொடுத்திருந்தார். பெயின்ட்கூட சாயப்பட்டறை ஷேட் கார்டு வைத்துப் பார்த்து, மூன்று தடவை வேண்டாமென்று சொல்லி, நாலாவது தடவை ஒத்துக்கொண்ட பாட்டில் பச்சை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், கம்பெனி லீவில் இருக்கும்போது, தனியாகப் போய் அதை ஓட்டிவிட்டு வருவார். வீட்டுக்கும் கம்பெனிக்கும் நடுவில் ஓர் உயரமான சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் அடுப்படியில் நின்று ரங்காத்தாள் சத்தத்தை மட்டும் கேட்பாள். கடையில் மிட்டாய் கேட்டு அடம்பிடிக்கிற குழந்தை மாதிரி, 'உய்ய்ய்' என்று ஓர் இழுப்பு. அந்த வண்டியில் அவள் ஒரு நாளும் ஏறினதில்லை. அவளாகக் கேட்டதுமில்லை. கேட்டு உட்காருவதற்கு அது என்ன டவுன் பஸ்ஸா?

ஆனால் ஒரு கேள்வி அவளுக்குள் இருந்தது. இத்தனை வருசம் வண்டியைத் துடைத்தார், தடவினார், அதோடு பேசினார். பக்கத்து சீட்டில் ஒரு தடவை ஏன் என்னை உட்கார வைக்கவில்லை? சாவு வீட்டுக்கு வந்தவர்களெல்லாம், "அந்த வண்டியில ஜோடியா எங்கெல்லாம் போனீங்களோ!" என்று வேறு அழுதார்கள்.

தனபால், லிங்கசாமியின் தம்பி, கம்பெனியை இப்போது பார்த்துக்கொள்கிறவன், கோயமுத்தூரில் ஒரு பழைய வண்டி வியாபாரியைப் பேசி வைத்திருந்தான்.

"ஞாயித்துக்கெழமை வந்து எடுத்துக்கறேன்னுட்டாருங் அண்ணி. உருண்டு வெளிய வந்தாப் போதும்னாரு. நின்னா மண்ணாத்தானுங்க போகும்."

"எடுத்துக்கட்டுங்க தம்பி" என்றாள் ரங்காத்தாள். "ஒண்ணே ஒண்ணு. அதுக்கு முன்னாடி அதுல ஒருக்காப் பெருமாநல்லூர் போயிட்டு வந்தரோணும். உங்க அண்ணன் சொன்னது."

"அவ்வளவுதானுங்களே? நாளைக்கே போலாமுங்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்ததும் வேலை ஆரம்பமானது. கம்பெனியின் தையல் மிஷின் மெக்கானிக் பெருமாள்சாமி வந்தார். எந்த மிஷினையும் காதை வைத்துக் கேட்டே கோளாறு சொல்லுகிறவர். சக்கரத்தை நிமிர்த்தினார், திருப்பினார், அதன் வழியாக அந்தப் பக்கம் நின்ற தனபாலைப் பார்த்தார்.

"இதுல போல்ட்டு போட ஓட்டையே இல்லீங்களே?"

"ஓட்டை இல்லாம எப்படிய்யா நிக்கும்?"

லிங்கசாமியின் மகள் வர்ஷினி, கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைப் பார்க்கிறவள், போனில் தேடிப் பார்த்துச் சொன்னாள். "சித்தப்பா, இதுக்கு போல்ட்டே கிடையாது. அச்சு முனையில பல்லுப் பல்லா இருக்கு பாருங்க, சக்கரத்தை அதுல சொருகணும். மேல இந்த ரெண்டு காது நட்டு. காதுல சுத்தியலால அடிச்சு இறுக்கணும். கழட்டறதுக்கும் அடிதான்."

"அடிச்சா இறுகும், அடிச்சாக் கழலும்" என்று பெருமாள்சாமி பக்தியோடு சொன்னார். "நம்ம ஹெல்ப்பர் பசங்களாட்ட."

அதற்கென்று லிங்கசாமி வைத்திருந்த செம்புத் தலைச் சுத்தியலைக் காணோம். ஷெட் முழுக்கத் தேடினார்கள். ரங்காத்தாள் வீட்டுக்குப் போய், அடுப்படியிலிருந்து அதைக் கொண்டுவந்து நீட்டினாள். தலையில் லேசாக வெல்லம் ஒட்டியிருந்தது.

முதல் சிக்கல் அங்கேயேதான். ஒவ்வொரு நட்டின் முகத்திலும் ஆங்கிலத்தில், கழற்ற எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று ஓர் அம்புக்குறியும், அது லெஃப்டா ரைட்டா என்றும் செதுக்கியிருந்தது. லெஃப்ட் என்று போட்ட நட்டு வண்டியின் இடது பக்கத்தில் ஏறவே இல்லை. மரை பிடிக்கவில்லை. வலது பக்கம் கொண்டுபோய் வைத்தால் வெண்ணெய் மாதிரி ஏறியது. ரைட் என்று போட்டது இடது பக்கத்தில் மட்டும் ஏறியது.

ஷெட்டில் நாலு பேரும் ஒரே சமயத்தில் திரும்பி, கட்டிங் செக்‌ஷன் சுவரைப் பார்த்தார்கள். ஜன்னல் வழியாக அந்த போர்டு தெரிந்தது. 'இடது என்றால் போட்டிருப்பவரின் இடது. பார்ப்பவரின் இடது அல்ல.' லிங்கசாமியே எழுதி மாட்டியது. ஒரு காலத்தில், டீ-ஷர்ட்டின் இடது நெஞ்சில் அடிக்கவேண்டிய சின்னத்தை, எதிரில் வைத்துப் பார்த்து வலது நெஞ்சில் அடித்துவிட, லண்டன் பார்ட்டி மொத்தச் சரக்கையும் திருப்பியனுப்பினான். அடிக்கச் சொன்னதும் லிங்கசாமிதான். அதன்பிறகு கம்பெனியில் யார் எதைத் தொட்டாலும் இந்தக் கேள்விதான் முதலில் வரும்.

"வண்டிக்கு ஆருங்க போட்டிருக்கறவரு?" என்றார் பெருமாள்சாமி.

"டிரைவர்தான்" என்றாள் வர்ஷினி. "அவர் உக்காந்து பாக்கற இடதுதான் வண்டிக்கு இடது. அப்படிப் பாத்தா இது தப்பா இருக்கு."

"கண்ணு, இதெல்லாம் வெள்ளைக்காரன் செஞ்சது" என்றான் தனபால். "அவன் எதிர்ல நின்னு பாத்து எழுதியிருப்பான்."

"எதிர்ல நின்னு பாக்கக் கூடாதுன்னு நம்மளுக்குச் சொல்லிக் குடுத்ததே வெள்ளைக்காரன்தான் சித்தப்பா."

"அது டீ-ஷர்ட்டுக்குச் சொன்னான். ஏறுதா? ஏறுது. இறுகுதா? இறுகுது. அப்பறம் என்ன?"

இறுக்கியாயிற்று. வண்டியைக் கட்டையிலிருந்து இறக்கி, தனபால் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ணினான். உடனே வாட்ச்மேன் இசக்கிமுத்து தன் அறையிலிருந்து விழுந்தடித்து ஓடிவந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கம்பெனி தொடங்கின காலத்திலிருந்து கேட்டில் இருப்பவர். வந்த வேகத்தில் வாயில் விசிலை வைத்து, வண்டியின் பின்பக்கம் போய்க் காலை அகட்டி நின்று, இரண்டு கையையும் தூக்கினார்.

"அங்க என்னய்யா பண்றே?" என்று தனபால் கத்தினான். "முன்னாடி வந்து வழியப் பாரு!"

"முன்னாடியா?" என்றார் இசக்கிமுத்து. அந்த வார்த்தையை முதல்முதலாகக் கேட்கிற மாதிரி இருந்தது அவர் முகம். முன்னால் வந்தார். ஆனாலும் கண் பின்பக்கமே போய்ப் போய் வந்தது.

வண்டி கிளம்பியது. ரங்காத்தாள் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"சத்தம் அது இல்லீங்களே. அவர் ஓட்டும்போது அழுகற மாதிரி ஒரு இழுப்பு வருமே?"

"அதெல்லாம் கிரீஸ் வெச்சு நான் நிறுத்திப்போட்டனுங்க அக்கா" என்றார் பெருமாள்சாமி. அந்தப் பக்கம் அவர் கையே வைத்ததில்லை.

டைம் ஆபீஸ் தாண்டுவதற்குள் 'டொக் டொக்' என்று கேட்டது. பார்த்தால் முன் நட்டு இரண்டும் லூசாகி, காது இரண்டும் வேறு வேறு திசையில் நின்றன.

"அடி பத்தலை" என்று முடிவானது. அடித்தார்கள். பெருமாள்சாமி அடித்தார், தனபால் அடித்தான், பேக்கிங் செக்‌ஷனிலிருந்து இரண்டு பேர் வந்து ஆளுக்கு ஓர் அடி போட்டார்கள். கோயிலில் தேங்காய் உடைக்கிற மாதிரி ஆகிவிட்டது.

சனிக்கிழமை காலை ரங்காத்தாள் தலைக்குக் குளித்து, மாம்பழக் கலர்ப் புடவை கட்டி, தட்டில் தேங்காய் பழத்தோடு வந்தாள். பொட்டு வைக்காத நெற்றியைக் கண்ணாடியில் பார்க்காமலே வந்திருந்தாள். தனபால் கதவைத் திறந்துவிட்டான். உட்கார்ந்தாள். சீட்டு, அவள் நினைத்ததைவிடத் தாழ்வாக இருந்தது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது. இங்கிருந்து பார்த்தால் அவருடைய பக்கத்து முகம் எப்படித் தெரிந்திருக்கும் என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். பிறகு தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

இசக்கிமுத்து மறுபடியும் பின்னால் போய் நின்றுவிட்டு, தனபால் முறைத்ததும் முன்னால் ஓடிவந்து கேட்டைத் திறந்தார்.

வண்டி ரோட்டில் ஏறியது. காற்று முகத்தில் அடித்தது. ரங்காத்தாள் வாய்விட்டுச் சிரித்தேவிட்டாள். ஸ்கூட்டரில் போன ஒரு பெண் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். அப்போது இடது பக்கமாக ஒரு சக்கரம் அவர்களை முந்திக்கொண்டு போயிற்று.

"தம்பி" என்றாள் அவள். "முன்னாடி போறது ஆரோட சக்கரமுங்?"

"ஆரோ விட்டுட்டுப் போறாங்க அண்ணி. ரோட்டுல பாத்து வர்றதே இல்ல, சனங்க."

"கம்பியெல்லாம் வெச்சு, நம்ம சக்கரமாட்டவே இருக்குதுங்களே?"

தனபால் உற்றுப் பார்த்தான். பார்த்த கணத்தில் வண்டி இடது பக்கம் மண்டிபோட்டு, 'கர்ர்ர்' என்று ரோட்டைக் கீறிக்கொண்டு நின்றது. தேங்காய் உருண்டு அவன் மடிக்கு வந்தது. சக்கரம் மட்டும், நல்ல சகுனத்தில் கிளம்பிய ஆள் மாதிரி நிற்காமல் போய், வேஸ்ட் பனியன் துணி வியாபாரியின் மூட்டைகளுக்குள் புகுந்து படுத்துக்கொண்டது.

"யாருக்கும் அடியில்லையே?" என்று ஓடிவந்தாள் வர்ஷினி.

"கோயிலுக்குக் கிளம்பினதுல சக்கரந்தான் உருப்படியாப் போயிருக்குது" என்றாள் ரங்காத்தாள். சிரித்தாளா அழுதாளா என்று மகளுக்குத் தெரியவில்லை.

சக்கரத்தைத் திரும்ப மாட்டி, வண்டியை ஷெட்டுக்குத் தள்ளிவந்தார்கள். பெருமாள்சாமி பகலெல்லாம் யோசித்தார்போல. மத்தியானமே சொல்லியிருக்க வேண்டிய தீர்ப்பைச் சாயங்காலம் சொன்னார். பல்லில் கிரீஸ் இருப்பதால்தான் வழுக்குகிறதாம். உள்ளங்கை அளவு துணிப்பீஸ் எடுத்து, கிரீஸையெல்லாம் சொட்டில்லாமல் வழித்துத் துடைத்தார். வண்டியை நகர்த்தியதும் நான்கு சக்கரமும் எலிப்பொறியில் மாட்டின எலி மாதிரி கிரீச்சிட்டன. நட்டு வழக்கம்போலக் கழன்றது. கிரீஸைத் திரும்பப் பூசினார்.

அடுத்தது தனபாலின் யோசனை. அட்டைப்பெட்டி கட்டுகிற பிளாஸ்டிக் பட்டையால், ஒவ்வொரு நட்டின் காதையும் சக்கரக் கம்பியோடு சேர்த்துக் கட்டினார்கள். கப்பலில் ஏறிக் கடல் தாண்டுகிற பெட்டியே பிரிவதில்லையே, நட்டு எம்மாத்திரம்? வண்டி ஷெட்டைவிட்டு இறங்குவதற்குள், தீபாவளி மாதிரி பட், பட், பட் என்று நாலு பட்டையும் தெறித்தன. ஒன்று பெருமாள்சாமியின் கன்னத்தில் கோடு போட்டுவிட்டுப் போயிற்று.

ஒவ்வொரு தடவையும், வண்டி ஸ்டார்ட் ஆன நிமிஷத்தில், இசக்கிமுத்து பின்பக்கம் போய் நின்றார். ஒவ்வொரு தடவையும் திட்டு வாங்கினார்.

"இந்த ஆளுக்குக் கண்ணு முதுகுல இருக்குதா?" என்று தனபால் பல்லைக் கடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ரங்காத்தாள் சுவருக்கு இந்தப் பக்கம் அடுப்படியில் நின்றிருந்தாள். சத்தம் ஏதும் வராத ஞாயிற்றுக்கிழமைகளுக்கு அவள் இன்னும் பழகியிருக்கவில்லை. பால் பொங்கியது. அப்போது அந்தப் பக்கமிருந்து ஏதோ இரும்பு வண்டியை இழுக்கிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் வெல்டிங்காரர், டிராலியோடு. பக்கத்தில் தனபால், பெருமாள்சாமி, வர்ஷினி.

"என்னங் தம்பி இது?"

"கோயமுத்தூர்க்காரரு அவினாசி தாண்டிட்டாராமா. இனிமே வேற வழியில்லீங் அண்ணி. நாலு நட்டையும் வெல்டிங் வெச்சு உட்டர்றேன். ஜென்மத்துக்கும் கழலாது. நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க."

"ஜென்மத்துக்கும் கழலாதுன்னா, அப்பறம் பஞ்சரானா?"

"அது வாங்கறவரு பாடுங்."

ரங்காத்தாள் சக்கரத்தைப் பார்த்தாள். காது வைத்த அந்த நட்டை ஞாயிறு தவறாமல் ஒருவர் மெல்லிய துணியால் துடைத்திருக்கிறார். வெல்டிங்காரர் கறுப்புக் கண்ணாடியை முகத்தில் இறக்கினார்.

"சித்தே இருங்" என்றாள். "வண்டியை நான் எடுத்துக்கறேன்."

"எங்கீங்க எடுக்கப்போறீங்க?"

அவள் கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். கம்பெனி ஒரே ஒரு மிஷினோடு இருந்த காலத்தில், துணி ரோலை வேனில் ஏற்றி, சாயப்பட்டறைக்கும் வீட்டுக்கும் ஓட்டிக்கொண்டிருந்தவள்தான். சாவியைத் திருப்பினாள். வண்டி உறுமியது. பின்பக்கம் 'பீ...' என்று விசில் கேட்டது. இசக்கிமுத்து போய் நின்றாயிற்று.

முன்னால் வெல்டிங் டிராலி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. அதை நகர்த்தச் சொல்லிப் பேச அவளுக்கு மனமில்லை. இடது தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து, ரிவர்ஸ் கியரைப் போட்டாள்.

உய்ய்ய்ய்.

ரங்காத்தாளின் கை ஸ்டியரிங்கிலேயே நின்றுவிட்டது. அதே இழுப்பு. அதே அடம். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஞாயிறுதோறும் கேட்டது, இப்போது அவள் காலடியிலிருந்து கேட்டது.

"வரட்டும், வரட்டும்" என்று இசக்கிமுத்து குரல் கொடுத்தார். இந்த மூன்று நாளில் முதல்தடவையாக அவர் முகத்தில் ஒரு தெளிவு. "ஒடிச்சு வாங்கக்கா. பைப்பு இருக்கு, பாத்து. வரட்டும்..."

அவள் வந்தாள். ஷெட்டின் பின்வழியாக இறங்கி, ஜெனரேட்டர் ரூமைச் சுற்றி, வேப்பமரம் தாண்டி, டைம் ஆபீஸ் தாண்டி, பின்னோக்கியே கம்பெனியை ஒரு முழுச் சுற்று. விசில் முன்னால் ஓடியது. வண்டி அதன் பின்னால் வாலை முன்னால் விட்டுக்கொண்டு போனது. வழி நெடுக இசக்கிமுத்துக்கு ஒவ்வொரு குழியும் மேடும் மனப்பாடமாக இருந்தது. சுற்றி வந்து ஷெட்டில், கிளம்பின இடத்திலேயே, கொஞ்சமும் பிசகாமல் நின்றது.

"டொக்குன்னு ஒரு சத்தம் வரலையே?" என்றாள் வர்ஷினி.

பெருமாள்சாமி குனிந்து நட்டைத் தொட்டார். அசையவில்லை. சுத்தியலை எடுத்துக் கழற்றுகிற பக்கமாக ஓங்கி ஓர் அடி அடித்தார். சுத்தியல்தான் துள்ளியது. நாலு சக்கரத்திலும் அடித்துப் பார்த்துவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"கல்லாட்ட இறுகிப்போச்சுங்க."

வர்ஷினி வண்டிக்கு எதிரில் போய் நின்றாள். பிறகு பின்னால் போய் நின்றாள். கட்டிங் செக்‌ஷன் போர்டைப் பார்த்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன கண்ணு?"

"நட்டுல எழுதினது சரிம்மா. வெள்ளைக்காரன் சரியாத்தான் எழுதியிருக்கான். அச்சு முனைதான் மாறியிருக்கு. அப்பா வண்டியைக் கோக்கும்போது, எதிர்ல நின்னு பாத்து, இடதை வலதுல மாட்டிட்டாரு. சக்கரம் சுத்தறப்போ நட்டு இறுகணும். இதுல முன்னாடி போனாக் கழலுது, பின்னாடி போனா இறுகுது!"

 பெருமாள்சாமி "போர்டு எழுதினவரேதானுங்களா!" என்று தொடங்கினார், முடிக்க முடியவில்லை. தனபால் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு குலுங்கினான். வெல்டிங்காரர், விஷயம் தெரியாமலே, கறுப்புக் கண்ணாடிக்குள் சிரித்தார். அந்த வீட்டில் அத்தனை பேர் சேர்ந்து சிரித்து ஒரு மாசத்துக்கு மேலாகியிருந்தது.

"அச்சை மாத்தி மாட்டினாச் சரியாயிரும்மா. பெரிய வேலையில்ல" என்றாள் வர்ஷினி.

கேட்டுக்கு வெளியே ஹார்ன் கேட்டது. கோயமுத்தூர்க்காரர்.

"தம்பி, அவருக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிருங்" என்றாள் ரங்காத்தாள். "வண்டி கொடுக்கறதுக்கில்ல."

"சொல்லிர்றேனுங் அண்ணி." கிளம்பின தனபால் பாதி வழியில் நின்று திரும்பினான். சிரிப்பு நின்றிருந்தது. "எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. முன்னாடி நகந்தாலே கழலுதுன்னா, அண்ணன் இத்தனை வருசம் வாரா வாரம் இதை எப்படி ஓட்டினாரு?"

 ரங்காத்தாள் வண்டியிலிருந்து இறங்கினாள். இறங்கினவள் முகத்தைச் சுளித்து, கழுத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னம்மா?"

"புடிச்சிருச்சு கண்ணு."

"எந்தப் பக்கம்?"

இடது பக்கம். பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தால் எந்தப் பக்கம் பிடிக்குமோ, அந்தப் பக்கம். அவள் கை அங்கேயே இருந்தது, எடுக்கத் தோன்றவில்லை. மெதுவாகத் திரும்பி, வேப்பமர நிழலில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த வாட்ச்மேனைப் பார்த்தாள்.

"இசக்கி, நீ ஏம்ப்பா வண்டி எடுத்தாலே பின்னாடி போய் நிக்கறே?"

இசக்கிமுத்து விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"அண்ணாச்சி ஒரு நாளும் இத முன்னால ஓட்டினதே இல்லியேக்கா, எறங்கினதும் இப்படித்தான் கழுத்தப் பிடிச்சிக்கிட்டு, 'பெருமாநல்லூர் வரைக்கும் ரிவர்ஸ்லயே கூட்டிட்டுப் போனா, ரங்கு எறங்கி நடந்தே ஊட்டுக்கு வந்துருவாடா இசக்கி'ன்னு சொல்லுவாவ."